இடது கைச் சிலுவை

கால்வே
23 ஆகஸ்ட் 1978

அன்புள்ள நோரீன்,

ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறிவிட்டேன். தலைவலி என்று உன் வீட்டுக்காரர் மாலக்கியிடம் சொன்னேன். தலைவலி இல்லை.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. கண்காட்சியில் பதினான்காம் எண் ரொட்டிக்கு முதல் பரிசு கொடுத்தேன். அட்டையைத் திருப்பி உன் பெயரை வாசித்ததும் கூடாரமே கைதட்டியது. நான் மட்டும் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது நீ சுட்டது இல்லை.

கன்னியர் மடத்துப் பள்ளியில் ஐந்து வருஷம் நாம் ஒரே மேசையில் மாவு கலந்தவர்கள். அடுப்பில் வைக்கும் முன் ரொட்டித் தலையில் நீ கத்தியால் சிலுவை போடும் விதம் எனக்குத் தெரியும். முதல் கீறலை உன்னை நோக்கி இழுப்பாய். இரண்டாவது அதைக் குறுக்கே வெட்டிக்கொண்டு இடமிருந்து வலம் போகும். கத்தி வெளியேறும் முனையில் மாவு கொஞ்சம் இழுபட்டு நிற்கும். இந்த ரொட்டியில் அது வலமிருந்து இடம் போயிருக்கிறது. இடது கைக்காரர் போட்ட சிலுவை.

இன்னொன்று. சொன்னால் கோபப்படுவாய். ஆறு வருஷமாக டிரம்கீலன் கண்காட்சிக்கு நடுவராக வருகிறேன். அந்த மேசையில் நான் தின்றதிலேயே நல்ல ரொட்டி அதுதான். அடியில் தட்டினால் காலிப் பானை மாதிரி சத்தம். உள்ளே ஈரமும் இல்லை, வறட்சியும் இல்லை. நீ இவ்வளவு நல்ல ரொட்டி சுட்டதே இல்லை.

விதி மூன்று உனக்குத் தெரியும். போட்டியாளர் தன் வீட்டில், தன் கையால் சுட்டதாக இருக்க வேண்டும். யாரிடமும் இதுவரை சொல்லவில்லை. முதலில் உன்னைக் கேட்கிறேன். யார் சுட்டது?

அன்புடன்,
டிம்ப்னா


டிரம்கீலன்
28 ஆகஸ்ட் 1978

அடியே டிம்ப்னா,

எழுத்தைப் பார்த்து மிரளாதே. கெட்டில் விரலைச் சுட்டுவிட்டது. நான் சொல்லச் சொல்ல மாலக்கி எழுதுகிறார். அதனால் உன்னை அளவாகத்தான் திட்ட முடிகிறது.

"நீ இவ்வளவு நல்ல ரொட்டி சுட்டதே இல்லை." இதை எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா? அப்படியானால் போன இரண்டு வருஷமும் எனக்கு எதற்குக் கோப்பை கொடுத்தாய்? பழைய சிநேகிதி, பாவம், வைத்துக்கொள்ளட்டும் என்றா? (இந்த இடத்தில் அவள் மேசையைத் தட்டினாள். — மா.)

சிலுவையை எந்தப் பக்கம் கீறினால் என்ன? அடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று கீறியிருப்பேன். பூனை குறுக்கே வந்திருக்கும். வகுப்பில் பெண்களுக்கு அமிலமும் காரமும் சொல்லிக்கொடுத்து உனக்கு எதைப் பார்த்தாலும் சோதனைக் குழாயாகத் தெரிகிறது.

கன்செப்டா டோலன் மூன்றாவது வருஷமாக இரண்டாம் பரிசு வாங்கினாளே, அவள் முகத்தைப் பார்த்தாயா? பூசை முடிந்து வாசலில் பிடித்துக்கொண்டாள். "என்ன நோரீன், இந்த வருஷம் உன் அடுப்புல தேவதைங்க வந்து சுட்டுக் குடுத்தாங்களா?" என்றாள். "உன் வீட்டுப் பக்கம்தான் வந்தாங்களாம், வாசம் பிடிக்கலைன்னு எங்க வீட்டுக்கு வந்துட்டாங்க" என்றேன். ஃபாதர் இருமிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

நல்ல செய்தி ஒன்று. எங்கள் பெண் கிரானியாவுக்கு டப்ளினில் கால்நடை மருத்துவத்துக்கு இடம் உறுதியாகிவிட்டது. வகுப்பில் ஆறே பெண்கள். அக்டோபர் முதல் தேதி ரயில். கோடை முழுக்க ஊர்க் கால்நடை டாக்டரோடு விடியும் முன்பே கிளம்பிப் போய், பசு வயிற்றுக்குள் தோள் வரை கையை விட்டுவிட்டு வந்து, அதே கையோடு சாப்பிட உட்காருகிறாள். (கழுவுகிறாள். — மா.)

தலைவலிக்கு மாத்திரை போடு. இந்தப் பேச்சை விடு.

உன்
நோரீன்


கால்வே
31 ஆகஸ்ட் 1978

நோரீன்,

இரண்டு பக்கம் எழுத வைத்திருக்கிறாய். "நான்தான் சுட்டேன்" என்ற ஒரு வரி அதில் இல்லை. இரண்டு முறை தேடிப் பார்த்தேன்.

ஈஸ்டருக்கு வந்த கடிதமும் மாலக்கியின் எழுத்துத்தான். அப்போது மணிக்கட்டுச் சுளுக்கு. ஜூனில் விரல் கதவிடுக்கில் நசுங்கியது. இப்போது கெட்டில். உன் வீட்டில் இடது கைக்காரர் ஒருவர்தான். அவர் சீட்டைக் கலைத்துப் போடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மாலக்கி, இந்தக் கடிதத்தைப் பிரிப்பது நீங்கள் என்றால், நிறுத்தாமல் வாசித்துக் காட்டுங்கள்.

இனி இது நம் இருவர் பேச்சு இல்லை. நேற்று குவிக்லி வாத்தியார், கமிட்டிச் செயலாளர் என்ற முறையில், எனக்கு எழுதியிருக்கிறார். கன்செப்டா எழுத்துமூலம் புகார் கொடுத்திருக்கிறாள். கண்காட்சி அன்று காலைப் பூசைக்கு மாலக்கி சட்டை முழங்கையில் மாவோடு வந்தாராம். பால் பண்ணையில் மோர் வாங்குவதும் பல மாதமாக அவர்தானாம். பன்னிரண்டாம் தேதி கமிட்டி கூடுகிறது. அதற்குள் நடுவர் தன் கருத்தை எழுதித் தர வேண்டும். ஐயம் தீரவில்லையென்றால் பதினாறாம் தேதி சனிக்கிழமை பங்குக் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் நீ ஒரு ரொட்டி சுட்டுக் காட்ட வேண்டும்.

நான் என்ன எழுதட்டும்? இருபத்தைந்து வருஷமாக எந்தத் தாளிலும் பொய்க்குக் கையெழுத்துப் போட்டதில்லை. உனக்காகத் தொடங்கச் சொல்கிறாயா? மூன்றாவது முறை வென்றால் கோப்பை வீட்டோடு தங்கிவிடும் என்பது எனக்கும் தெரியும். ஒரு வெள்ளிக் கோப்பைக்கா இவ்வளவும்? இது நீ என்று என்னால் நம்ப முடியவில்லை. நம்பாமல் இருக்கவும் நீ வழி வைக்கவில்லை.

பத்தாம் தேதிக்குள் பதில் வராவிட்டால், கண்ணால் கண்டதை எழுதி அனுப்பிவிடுவேன்.

டிம்ப்னா


டிரம்கீலன்
5 செப்டம்பர் 1978

டிம்ப்னா,

இது என் எழுத்து. போகப் போக எறும்பு ஊர்வது மாதிரிச் சின்னதாகிவிடும். கண்ணாடியைப் போட்டுக்கொள். இதை எழுத இரண்டு நாள் ஆயிற்று. மாலக்கிக்குச் சொல்லி எழுத வைக்க முடியவில்லை. அவர் அழுதுவிடுவார், தாள் நனைந்துவிடும்.

ஜனவரியில் ஒரு நாள் கோட்டுப் பொத்தானைப் போட முடியவில்லை. குளிர் என்று நினைத்தேன். பிறகு தேநீர்க் குடுவை கையை விட்டுப் போனது. மார்ச்சில் அத்லோனில் ஒரு டாக்டரைப் பார்த்தோம். என்னை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், பார்க்கின்சன் என்றார். உயிருக்கு ஒன்றுமில்லையாம், மெதுவாகத்தான் மோசமாகுமாம். ஏதோ நல்ல செய்தி மாதிரி சொன்னார்.

அன்றிலிருந்து வீட்டில் ரொட்டி மாலக்கி கைதான். நான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வேன். சோடா உப்பை உள்ளங்கையில் வைத்துக் கட்டியில்லாமல் நசுக்கு, மோரை ஊற்றியபின் நிற்காதே, பிசையாதே, விரலை விரித்து ஒரு சுற்றுச் சுற்று, உடனே அடுப்பில் தள்ளு. கிரானியா எழுந்து வரும் சத்தம் கேட்டால் என் இரண்டு கையிலும் மாவைத் தடவிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஆறு மாதமாக என் மகள் என் மாவுக் கையைத்தான் பார்க்கிறாள்.

ஏன் என்று கேட்பாய். நாற்பத்தேழில் உனக்கும் எனக்கும் கால்வேயில் மேலே படிக்க இடம் கிடைத்தது. பெட்டிகூடக் கட்டியாயிற்று. அந்த வாரம்தான் அம்மா கொட்டிலில் விழுந்தாள். யாரும் என்னைப் போகாதே என்று சொல்லவில்லை, டிம்ப்னா. நானேதான் பெட்டியை அவிழ்த்தேன். கிரானியா என் பெண். அவளிடம் சொன்னால் போகாதே என்று யாரும் சொல்லத் தேவையிருக்காது. கிறிஸ்துமஸுக்கு வரும்போது சொல்வேன். அதற்குள் ஒரு பருவம் படித்திருப்பாள், விட்டுவர மனசு வராது.

கோப்பைக்காக என்று எழுதினாயே. இரண்டு வருஷம் வென்றவள் இந்த வருஷம் பெயர் கொடுக்காவிட்டால் ஊரே கேட்கும், கிரானியா முதலில் கேட்பாள். அதனால் கொடுத்தேன். தோற்பதற்குத்தான் கொடுத்தேன். "சோடாவை ஒரு கரண்டி கூடப் போடுங்க, கசந்து போகட்டும்" என்று மாலக்கியிடம் சொன்னேன். "மாவு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றார். "சரி, மூணாம் பரிசுக்குச் சுடுங்க" என்றேன். "அது எப்படிச் சுடுறதுன்னு நீ சொல்லித் தரலையே" என்றார். அந்த மனுஷனுக்கு மோசமாகச் சுட வரவில்லை. நீ பெயரை வாசித்தபோது, "மோசம் பண்ணிட்டீங்களே" என்று மாலக்கி காதில் சொன்னேன். நீ கைதட்டலைத்தான் கேட்டாய்.

பதினாறாம் தேதி கூடத்தில் மாவில் கை வைத்தால் பத்து விரலும் ஊருக்குச் சொல்லிவிடும். கிரானியா முன்வரிசையில் இருப்பாள்.

உன்னைப் பொய் எழுதச் சொல்லவில்லை என்று முடிக்கத்தான் நினைத்திருந்தேன். இல்லை. சொல்கிறேன். எழுது.

நோரீன்


கால்வே
9 செப்டம்பர் 1978

அன்புள்ள நோரீன்,

உன் கடிதத்தை ஜன்னலோரம் வைத்துப் பூதக்கண்ணாடியில் வாசித்தேன். நோயைப் பற்றி ஆறுதலாக எழுத எனக்குத் தெரியாது. தெரிந்த மாதிரி எழுதினால் உனக்குப் பிடிக்காது. கோப்பைக்காகவா என்று கேட்டதற்கு மன்னித்துக்கொள்.

நாற்பத்தேழில் கால்வே ஸ்டேஷனில் ஒரு மணி நேரம் உன்னைத் தேடிக்கொண்டு நின்றேன். அடுத்த ரயிலிலும் தேடினேன். இதை உன்னிடம் சொன்னதில்லை.

இன்று காலை குவிக்லி வாத்தியாருக்கு எழுதிப் போட்டுவிட்டேன். நகல் எடுத்த வரிகள் இவை:

"போட்டியாளர் ஒருவர் என் நெடுநாள் சிநேகிதி. அவருடைய ரொட்டியை நான் கீறலை வைத்தே அடையாளம் கண்டும், விலகாமல் முதல் பரிசு கொடுத்திருக்கிறேன். நடுவர் செய்யக் கூடாதது இது. பிழை முழுக்க என்னுடையது. இந்த வருஷப் பரிசைத் திருமதி டோலனுக்குக் கொடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இனி நான் நடுவராக வர மாட்டேன்."

பரிசே இல்லையென்றால் சுட்டுக் காட்டும் பேச்சும் இல்லை. கிரானியா ரயில் ஏறட்டும். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. எப்படி என்று இப்போது கேட்காதே.

மாலக்கியிடம் சொல்: நான் சொன்னது மாறாது, அந்த மேசையில் நான் தின்றதிலேயே நல்ல ரொட்டி அவருடையதுதான்.

அன்புடன்,
டிம்ப்னா


டிரம்கீலன்
3 அக்டோபர் 1978

டிம்ப்னா,

கிரானியா போய்விட்டாள். ரயில் ஏறட்டும் என்று எழுதினாயே, அதனால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். இனி என் மனசு ஆறாததைச் சொல்கிறேன்.

நீ எழுதியதை வாசித்த கமிட்டி இந்த வருஷத்தோடு நிற்கவில்லை. சிநேகிதி என்று நீயே எழுதிவிட்டாய். கோப்பையில் எழுபத்தாறு, எழுபத்தேழு என்று என் பெயர் இரண்டு முறை வெட்டியிருக்கிறதே, அதையும் சுரண்டி எடுப்பதென்று முடிவு செய்துவிட்டார்கள். பூசை முடிந்ததும் குவிக்லி வாத்தியாரும் கன்செப்டாவும் வீட்டுக்கே வந்தார்கள். வாத்தியார் தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"மனசுல வெச்சுக்காத நோரீன். விதின்னு ஒண்ணு இருக்கில்ல" என்றாள் கன்செப்டா.

"அவ மனசு எதுக்கு உனக்கு? கோப்பைக்குத்தானே வந்த?" என்றார் மாலக்கி.

நான் இரண்டு கையையும் ஏப்ரனுக்கு அடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கிரானியாவுக்குப் பொறுக்கவில்லை. "அம்மா, நீ ஏன் ஒண்ணுமே பேசாம இருக்க? மோசடின்னு சொல்றாங்கம்மா! டிம்ப்னா ஆன்ட்டி சும்மா தூக்கிக் குடுத்தாங்கன்னு சொல்றாங்க. நீ சுட்டதுதானே அதெல்லாம்? சொல்லேன்!"

என்ன சொல்ல முடியும்? வாயைத் திறந்தால், "அப்ப ஒண்ணு சுட்டுக் காட்டு" என்பாள் கன்செப்டா. அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். கிரானியாவே எழுந்து அலமாரியிலிருந்து கோப்பையை எடுத்துக் கன்செப்டா மடியில் வைத்தாள். "இந்தாங்க. நல்லா அழுத்திச் சுரண்டுங்க. எங்கம்மா பேரு ஆழமா இருக்கும்" என்றாள்.

அவர்கள் போனபின் என்னிடம் வந்து, "நீ எதுக்கோ பயப்படுற" என்றாள். அந்த இரண்டு வாரமும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். தாய் ஏமாற்றியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டே ரயில் ஏறினாளோ என்னவோ. ஸ்டேஷனில் நான் கையசைக்கவில்லை. வேண்டாத நேரமெல்லாம் தானே ஆடுகிற கையைக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றேன்.

நீ எனக்கு நல்லதுதான் செய்தாய். அது தெரியாதவள் இல்லை நான். ஆனால் டிம்ப்னா, இந்த வருஷ ரொட்டி மாலக்கியுடையது, போகட்டும். அந்த இரண்டும் என் கை சுட்டவை. இந்தக் கை இனி எதையும் சுடப் போவதில்லை. அது ஒரு காலத்தில் என்ன செய்தது என்பதற்கு அந்த இரண்டு வரிதான் இருந்தது.

ஒன்று கேட்கிறேன். விளையாட்டாக ஆகஸ்டில் கேட்டது, இப்போது விளையாட்டு இல்லை. அந்த இரண்டு வருஷமும் ரொட்டிக்காகக் கொடுத்தாயா, எனக்காகக் கொடுத்தாயா? உன் கடிதத்தில் ஒரு வார்த்தை பொய் இல்லை என்றாய். அப்படியானால் என்ன அர்த்தம்?

நோரீன்


கால்வே
6 அக்டோபர் 1978

அன்புள்ள நோரீன்,

இதற்கு ஒரு பதிலை எழுதிக் கிழித்தேன். அது நன்றாக இருந்தது, அதனால் கிழித்தேன்.

எழுபத்தாறில் எனக்குத் தெரியாது. மேசையில் இருபத்தோரு ரொட்டி. ஒன்பதாம் எண் மற்றவற்றைவிட ஒரு படி மேலே இருந்தது. பரிசு எழுதி, அட்டையைத் திருப்பிய பின்தான் உன் பெயரைப் பார்த்தேன். அது ரொட்டிக்குக் கொடுத்தது.

எழுபத்தேழில் தெரியும். சிலுவையைப் பார்த்ததுமே தெரிந்தது, உன்னுடைய இடமிருந்து வலம். ஆனால் கோடு நேராக இல்லை. ஓரமெல்லாம் நெளிந்திருந்தது, கத்தி பல இடத்தில் நின்று நின்று போன மாதிரி. பிட்டுப் பார்த்தால் உள்ளே மஞ்சளாக ஒரு புள்ளி. நசுங்காத சோடா. சோடாவை நசுக்காதவளைக் கண்டால் திட்டித் தீர்ப்பவள் நீ. கன்செப்டாவின் ரொட்டி அதைவிட நன்றாக இருந்தது, நோரீன். எனக்கு அது அப்போதே தெரியும். தெரிந்தே உன் எண்ணை எழுதினேன். கமிட்டிக்கு நான் எழுதியது அந்த வருஷத்தைப் பற்றி. அதனால்தான் ஒரு வார்த்தை பொய்யில்லை என்றேன். எந்த வருஷம் என்று எழுதாமல் விட்டது என் சாமர்த்தியம். அந்தச் சாமர்த்தியம்தான் உன் எழுபத்தாறையும் சேர்த்து விழுங்கிவிட்டது.

ஒரு வருஷம் முந்தி என் கண்ணெதிரில் இருந்தது அது. ஜனவரியில் தொடங்கியதாக எழுதினாய். ஜனவரியில் தொடங்கவில்லை. போன ஆகஸ்டிலேயே அந்த ரொட்டியில் இருந்தது. நான் பார்த்தேன், வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்து, பரிசைக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறினேன். பிறகு இந்த வருஷம் உன்னிடம் வந்து உண்மையைச் சொல் என்று அதிகாரம் பண்ணினேன்.

கமிட்டிக்கு இன்று மறுபடி எழுதியிருக்கிறேன். எழுபத்தேழைச் சுரண்டுங்கள், அது திருமதி டோலனுடையது, அவரிடம் நானே மன்னிப்புக் கேட்கிறேன். எழுபத்தாறின் மேல் கை வைக்காதீர்கள், அது யாரும் கொடுத்தது இல்லை, அவள் சுட்டது. இருபத்தோரு ரொட்டிக்கும் நான் எழுதிய குறிப்பேட்டை உடன் வைத்திருக்கிறேன். ஒன்பதாம் எண்ணுக்கு நேரே "குறை ஒன்றுமில்லை" என்று இருக்கிறது.

நீ பதில் எழுதாவிட்டாலும் நியாயம்தான்.

டிம்ப்னா


டிரம்கீலன்
17 அக்டோபர் 1978

டிம்ப்னா,

நான்கு முறை வாசித்தேன். எழுபத்தேழுக்காக உன்னை மன்னிக்கவில்லை. பரிசு கொடுத்ததற்கு இல்லை. கேட்காமல் போனதற்கு.

எழுபத்தாறை விட்டுவைத்திருக்கிறார்கள். குவிக்லி வாத்தியார் உன் குறிப்பேட்டைக் கமிட்டியில் உரக்க வாசித்தாராம். கன்செப்டா சாலையில் என்னைப் பார்த்து, "குறை ஒண்ணுமில்லையாமே, மகாராணிக்கு" என்றாள். "உனக்கு எழுபத்தேழு இருக்கில்ல, வெச்சுக்க" என்றேன். நின்று என் கையை ஒரு நிமிஷம் பார்த்தாள். என் பையை வாங்கிக்கொண்டு வாசல் வரை வந்துவிட்டுப் போனாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். மற்றவர்களுக்கும் மெதுவாகத் தெரியட்டும்.

கிரானியாவுக்குக் கிறிஸ்துமஸ் வரை காத்திருக்கவில்லை. நேற்று எழுதிப் போட்டேன், என் எழுத்திலேயே. பெட்டியை அவிழ்த்தால் வீட்டுக்குள் விடமாட்டேன் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன். என்ன செய்வாள் என்று தெரியாது.

சனிக்கிழமை பதினொன்றரை பஸ்ஸில் வா. மாலக்கி சுடுவார். மாவு, மோர், சோடா எல்லாம் அவர் பொறுப்பு. சிலுவை மட்டும் நான் போடுகிறேன். கோணல்மாணலாக வருகிறது. அவர் பிடித்துக்கொள்ள வந்தால் கையைத் தட்டிவிடுகிறேன். நீ பக்கத்தில் நின்று பார்.

நோரீன்